பஸ் விபத்துக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட மனநல சிகிச்சை

விபத்தில் உடைந்த என் தோள்பட்டை எலும்பு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. தூக்கம் திரும்பி வரத்தான் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எலும்புக்கு எங்கே போக வேண்டும், யார் நல்ல டாக்டர், எத்தனை நாள் கையை அசைக்கக் கூடாது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தூக்கத்துக்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கடைசியில் எனக்கு உதவிய சிகிச்சை எப்படி இருந்தது, எது உதவவில்லை, யாருக்கெல்லாம் இது தேவைப்படலாம் என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டவள், அவ்வளவுதான்.

விபத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் ஸ்லீப்பர் பஸ். விழுப்புரம் தாண்டி, பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் மோதியது. எனக்கு வந்திருந்தது முன்பக்கத்துக் கீழ் பெர்த். வயதான ஓர் அம்மா முழங்கால் வலி, மேலே ஏற முடியாது என்றார். மாற்றிக் கொடுத்தேன். அவர் இறந்துவிட்டார், நான் பிழைத்தேன். இதற்கு மேல் விவரம் உங்களுக்கு வேண்டாம். இதே மாதிரி ஒன்றைப் பார்த்தவர்கள் யாராவது படித்துக்கொண்டிருக்கலாம்.

முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. கண்ணை மூடினால் அந்தச் சத்தம். டீசல் வாடை வந்தால் வயிற்றைப் பிசையும். குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "கடவுள் உன்னைக் காப்பாத்திட்டார்மா" என்றார்கள். அப்படியானால் அந்த அம்மாவை அவர் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்க வாய் வரும், கேட்கமாட்டேன். என் மாமியார், "இது பயந்த கோளாறும்மா" என்று சொல்லி, பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். குலதெய்வம் கோயிலில் வேப்பிலை அடித்துத் தாயத்தும் கட்டினார்கள். இதையெல்லாம் கிண்டல் செய்து எழுதுவது சுலபம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளும் எனக்கு இதமாக இருந்தது. யாரும் என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. பயம் ஒரு கோளாறு, அது வரும், போகும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சிகிச்சைக்குப் போனபோது முதலில் எனக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான்.

பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது தானாகவே தணிந்துவிடும். அதனால்தான் முதல் மாதத்திலேயே இது பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகும் விடாமல் நீடிக்கும் மனநலப் பாதிப்பு, என்று முத்திரை குத்துவதில்லை. 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அந்தப் பெயர் முதன்முதலில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பற்றிய பேச்சு அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்றைய கணக்கில் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால்தான் அந்தப் பெயர். ஆகவே விபத்து நடந்த மறுவாரமே "கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்க" என்று துரத்த வேண்டியதில்லை. நடந்ததையெல்லாம் முதல் சில நாளிலேயே ஒருவரை உட்காரவைத்துச் சொல்லவைக்கும் முறை ஒன்று முன்பு பரவலாக இருந்தது. பயனில்லை, சிலருக்குக் கெடுதல்கூட என்று தெரிந்ததால் உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்கிறது. அந்த நேரத்தில் தேவைப்படுவது சாப்பாடு, தூக்கம், கூட ஒரு ஆள், போலீஸ் ஸ்டேஷனுக்கும் இன்சூரன்ஸுக்கும் அலைய இன்னொரு ஆள்.

எனக்கு அது தணியவில்லை. மூன்றாவது மாதத்தில் நான் பஸ்ஸில் ஏறுவதை முழுக்க நிறுத்தியிருந்தேன். ஆபீசுக்கு ஆட்டோ. சம்பளத்தில் கணிசமான பங்கு அதற்கே போனது. ஊரில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். குழந்தை ஹோம்வொர்க் செய்யவில்லை என்பதற்காகத் தட்டை வீசி எறிந்தேன். என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் தாமதமாக வந்தால், அவர் வரும்வரை வாசலிலேயே நிற்பேன். வந்ததும் சண்டை. அவருக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

தூக்கத்துக்காகப் போன டாக்டர் பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் சொர்க்கம். பிறகு அது இல்லாமல் தூங்க முடியாது என்றானது, கனவுகளும் நிற்கவில்லை. அந்த வகை மாத்திரைகள் அதிர்ச்சிக்குப் பிந்தைய தொந்தரவுகளுக்குச் சரியான மருந்து இல்லை என்று பிற்பாடு மனநல மருத்துவர் சொன்னார். ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகளை நீங்களே திடீரென்று நிறுத்தக் கூடாது. எனக்கு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

அடுத்து ஒரு கவுன்சலர். பெயர் வேண்டாம். உட்கார்ந்த உடனே, "நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க, எதையும் விடாம" என்றார். சொன்னேன். முக்கால் மணி நேரம். இடையிடையே "அப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நேரம் முடிந்தது, அடுத்தவர் காத்திருக்கிறார் என்றார். வெளியே வந்து லிஃப்டுக்குள் போக முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைய ராத்திரி விபத்து ராத்திரிக்கு அடுத்தபடி மோசமான ராத்திரி. "மனசில இருக்கறதைக் கொட்டிட்டா பாரம் குறைஞ்சிடும்" என்று நாம் வழக்கமாகச் சொல்வோம். கொட்டினேன். கொட்டியதை அள்ளுவதற்கு அங்கே யாரும் இல்லை.

பிறகு ஒரு தோழி மூலம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் போனேன். மேடம் என்றே சொல்கிறேன். முதல் நாள் அவர் செய்ததை வரிசையாகச் சொன்னால் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். கதவைச் சாத்தலாமா, திறந்து வைக்கலாமா என்று கேட்டார். இரண்டு நாற்காலியில் எது வேண்டும் என்று கேட்டார், நான் கதவைப் பார்த்திருந்ததை எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் பேசுவோம், கட்டணம் எவ்வளவு, குறிப்பு எடுப்பேன், அதை யார் பார்ப்பார்கள், எந்தச் சூழ்நிலையில் ரகசியம் காக்க முடியாது என்றெல்லாம் சொன்னார். அப்புறம், "விபத்தைப் பத்தி இன்னிக்கு நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். தலைப்பு மட்டும் போதும். எப்ப வேணா நிறுத்தலாம், கையைத் தூக்குங்க, நான் ஏன்னு கேக்கமாட்டேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இரண்டாவது முறை போனேன்.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் விளம்பரங்களில் இரண்டையும் கலக்குகிறார்கள். ட்ராமா இன்ஃபார்ம்டு என்பது நடத்தும் விதம். எதிரில் இருப்பவருக்கு ஏதாவது நடந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, அவரை மறுபடி காயப்படுத்தாமல், முடிவை அவர் கையில் விட்டு நடந்துகொள்வது. பல் டாக்டரும் அப்படி நடக்கலாம், பள்ளி ஆசிரியரும் நடக்கலாம், போலீஸ்காரரும் நடக்கலாம். அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா 2014ல் இதற்கு ஆறு கொள்கைகளை வகுத்தது. பாதுகாப்பு, நம்பகத்தன்மை, சேர்ந்து முடிவெடுப்பது என்று போகும். மேடம் கதவைப் பற்றிக் கேட்டது இந்த வகை. ஆனால் அதனால் மட்டும் பிடிஎஸ்டி போகாது. அந்தச் சம்பவத்தின் நினைவையே எடுத்துக்கொண்டு வேலை செய்யும் சிகிச்சை தனி. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடியில் அதிர்ச்சிக்கென்றே வடிவமைத்த வகைகள், கண் அசைவைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் ஆகியவை அதில் வரும். முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் செய்தால் என் மாடிப்படிக் கதைதான். முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லாவிட்டால், மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் வருஷக்கணக்கில் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

முதல் சில வாரம் விபத்தைத் தொடவே இல்லை. உடம்பு ஏன் இப்படித் தூக்கிப்போடுகிறது, தவிர்க்கத் தவிர்க்கப் பயம் ஏன் வளர்கிறது என்று படம் போட்டு விளக்கினார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டும் பயிற்சி. கனவிலிருந்து விழித்ததும் கண்ணில் படும் ஐந்து பொருள், தொட்டுப் பார்க்கும் நான்கு, கேட்கும் மூன்று, முகரும் இரண்டு, நாக்கில் ஒன்று என்று சொல்லும் பயிற்சி. நான் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். தலைமாட்டில் ஒரு சின்ன டப்பாவில் காப்பிப்பொடி வைத்திருப்பேன். விழித்ததும் அதைத் திறந்து முகர்ந்தால் டீசல் வாடை விலகும், நான் என் வீட்டில் இருக்கிறேன் என்று உறைக்கும். பயத்துக்கு பூஜ்யத்திலிருந்து பத்துவரை மார்க் போடக் கற்றுக்கொடுத்தார். இது பள்ளிக்கூட வேலை மாதிரி தோன்றினாலும், "பயங்கரமா இருக்கு" என்பதற்கும் "இப்ப ஏழு, அஞ்சு நிமிஷம் முன்னாடி எட்டு" என்பதற்கும் நிறைய தூரம்.

பிறகுதான் நினைவுக்குள் போனோம். இம்முறையும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஆனால் பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணிப்பதுபோல, மார்க் எட்டைத் தாண்டினால் நிறுத்தி, காலைத் தரையில் அழுத்தி, மூச்சைச் சரி செய்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அடுப்பை அணைக்கவில்லை என்பதுதான் முக்கியம். பேச்சை செல்போனில் பதிவு செய்து வீட்டில் கேட்கச் சொன்னார். முதல் தடவை கேட்டபோது வாந்தி வந்தது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு, ஒரு நாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் என்ன டிபன் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேடமிடம் வெட்கத்தோடு சொன்னேன். "சலிப்பு வந்துட்டா ரொம்ப நல்லது" என்று சிரித்தார்.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து வைத்திருந்தது சத்தமும் வாடையும் இல்லை. பெர்த்தை மாற்றிக் கொடுத்தது. என்னால்தான் அந்த அம்மா போனார். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் "சேச்சே, அப்படியெல்லாம் நினைக்காதே" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மேடம் அப்படிச் சொல்லவில்லை.

"அவங்க மேல ஏற முடியாதுன்னு சொன்னப்ப உங்களுக்கு என்ன தெரியும்?"

"முழங்கால் வலின்னு தெரியும்."

"வேற?"

"ராத்திரி பாத்ரூம் போகணும்னா இறங்கறது கஷ்டம்னாங்க."

"லாரி நிக்கறது?"

நான் பேசவில்லை.

"லாரி பத்தி எப்ப தெரிஞ்சுது?"

"மோதினதுக்கு அப்புறம்."

"அப்போ, மோதினதுக்கு அப்புறம் தெரிஞ்சதை வச்சுக்கிட்டு, அதுக்கு முன்னாடி இருந்தவங்களைத் திட்டிட்டிருக்கீங்க."

அன்று அதோடு விட்டுவிட்டார். அடுத்த முறை ஒரு தாளில் வட்டம் போட்டு, அந்த மரணத்துக்கு யாரெல்லாம், எதெல்லாம் பொறுப்பு என்று எழுதச் சொன்னார். கடைசியில்தான் என் பெயரை எழுத வேண்டும் என்பது நிபந்தனை. லாரியை அங்கே நிறுத்தியவர். பின்விளக்கைச் சரிசெய்யாத உரிமையாளர். இரவு முழுக்க ஓட்டிய டிரைவர். அவருக்கு ஓய்வு கொடுக்காத கம்பெனி. வெளிச்சம் இல்லாத சாலை. நிறுத்திய வண்டியை அப்புறப்படுத்தாத ரோந்து. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று வட்டத்தைப் பிரித்துக்கொண்டே வந்தேன். என் முறை வந்தபோது மிச்சம் ஒரு கோடுதான் இருந்தது. அந்தக் கோட்டில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நீங்க செஞ்சதை எழுதுங்க" என்றார். முழங்கால் வலி உள்ளவருக்குக் கீழ் பெர்த் கொடுத்தேன் என்று எழுதினேன். குற்ற உணர்ச்சி உடனே ஓடிவிடவில்லை. ஆனால் அது கொஞ்சம் விலகிய இடத்தில் துக்கம் வந்தது. அதுவரை அந்த அம்மாவுக்காக நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கு இணையாகப் பஸ் வேலையும் நடந்தது. பஸ் ஓடும் வீடியோ பார்ப்பது, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது, நிற்கும் பஸ்ஸில் ஏறி உட்காருவது, பகலில் டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப், பிறகு செங்கல்பட்டு வரை என்று ஏணி மாதிரி ஒரு பட்டியல். வரிசையை நான்தான் போட்டேன். விதி ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடக் கூடாது, குறையும்வரை இருக்க வேண்டும். குறைகிறது, ஆச்சரியமாக. ஏறுவதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் டிரைவர் முகம் கண்ணாடியில் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருவேன். அவர் கண் சொருகுகிறதா என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பஸ் பத்திரமாகப் போகிறது என்று உள்ளுக்குள் நம்பிக்கை. அதை விடச் சொன்னபோது மேடம் மேல் எனக்குக் கோபமே வந்தது. விட்டபிறகுதான் பஸ் பயம் உண்மையாகக் குறைந்தது.

நடுவில் மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார். எடுத்துக்கொண்டேன், எரிச்சல் தணிந்தது, பிறகு அவர் மேற்பார்வையில் நிறுத்தினேன். சிலருக்கு மருந்தே வேண்டியிராது, சிலருக்கு மருந்து இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவே முடியாது. ஈஎம்டிஆர் நான் செய்துகொள்ளவில்லை. 1980களின் கடைசியில் ஃப்ரான்சின் ஷப்பிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கிய முறை அது. நினைவை மனதில் நிறுத்திக்கொண்டே கண்ணால் விரலின் அசைவைத் தொடர வேண்டும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் 2013ல் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று. நீளமாகப் பேச விரும்பாதவர்களுக்கு இது வசதி என்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வைத்தியம், நமக்குச் சரிப்படாது என்று ஒரு பேச்சு உண்டு. என் அண்ணனே சொன்னான். போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துப் பார்த்த இலங்கை வடகிழக்குத் தமிழ்க் குழந்தைகளிடம் 2005ல் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு, வாழ்க்கைக் கதையைக் காலவரிசையில் சொல்லவைக்கும் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். அங்கேயே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள்தான் நடத்தினார்கள். இரண்டு பிரிவிலுமே குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பு தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பிடிக்கிறது என்று நெடுநாளாக எழுதிவருபவர். ஜபம், மூச்சுப் பயிற்சி, சடங்கு எல்லாவற்றுக்கும் சிகிச்சையில் இடம் கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. என் மாமியாரின் தாயத்தை நான் கழற்றவில்லை. மேடமும் கழற்றச் சொல்லவில்லை.

சரி, யாருக்கு இது வேண்டும்? ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, கண்முன் ஓடும் காட்சி, சில இடங்களையும் மனிதர்களையும் தவிர்ப்பது, எப்போதும் உஷாராக இருப்பது, மரத்துப்போவது, இதெல்லாம் நீடித்தால் ஒரு தடவை காட்டிவிடுங்கள். விபத்து, தீ, வெள்ளம், பாலியல் வன்முறை, ஐசியூவில் கிடந்தது, சிக்கலான பிரசவம் எதுவாகவும் இருக்கலாம். பெரிய சம்பவமா சின்னதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். அதே பஸ்ஸில் வந்து எலும்பு மூன்று இடத்தில் முறிந்த ஒருவர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் நன்றாக இருக்கிறார். அவருக்குத் தைரியம் அதிகம், எனக்குக் குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே சம்பவத்தால் வந்த பாதிப்புக்கு 8 முதல் 12 அமர்வு என்பது பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு சொல்லும் வழக்கமான அளவு. எனக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆனது. சின்ன வயதிலிருந்து வருஷக்கணக்கில் அடியும் கொடுமையும் பார்த்தவர்களுக்கு நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் அதைச் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனியாகவே குறிக்கிறது. அதற்குக் காலம் அதிகம் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது.

சில சமயம் முதலில் வேண்டியது இந்தச் சிகிச்சை இல்லை. வீட்டில் இன்னமும் அடி விழுந்துகொண்டிருந்தால், பயம் நோய் இல்லை, சரியான எச்சரிக்கை. அங்கே முதலில் பாதுகாப்பு: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி சிகிச்சை தருபவரும் புகார் செய்தே ஆக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குடி மிஞ்சிப் போயிருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த வார அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, நாள் முழுக்க உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. தனியாரில் ஓர் அமர்வுக்கு நான் ஆயிரத்துக்கு மேல் கொடுத்தேன். அதற்கு வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், மாவட்ட மனநலத் திட்டமும் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. கூட்டம் இருக்கும், நீண்ட நேரம் பேசக் கிடைக்காது. ஆனால் சரியாகக் கண்டுபிடித்து மருந்து தொடங்கவும், சைக்காலஜிஸ்டிடம் அனுப்பவும் அங்கே முடியும். நம் ஊரில் யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். போனிலேயே நான் கேட்கச் சொல்வது: அதிர்ச்சிக்கென்று எந்த முறையில் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள், முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா, எனக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஒரே சிட்டிங்கில் சரியாக்குகிறேன் என்பவர், மறந்துபோன நினைவை ஹிப்னாடிசத்தில் தோண்டி எடுக்கிறேன் என்பவர், கேட்காமல் தோளைத் தொடுபவர், எல்லோரையும் விட்டு விலகுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் செய்த பெரிய உதவி, தாமதமாகும் என்று தெரிந்தால் கிளம்பும்போதே ஒரு மெசேஜ் அனுப்பியது. அமர்வு முடிந்த அன்று சாயங்காலம் சமையலை அவர் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு என்ன பேசுனீங்க?" என்று கேட்டதே இல்லை. சிகிச்சையின் நடுவில் சில வாரம் நான் முன்பைவிட மோசமாக இருந்தேன். இது வரும் என்று மேடம் அவரையும் அழைத்து முன்கூட்டியே சொல்லியிருந்ததால் "பணம் கொடுத்து வியாதி வாங்கறோம்" என்ற பேச்சு வரவில்லை.

நஷ்ட ஈட்டு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எச்சரிப்பதில்லை. விபத்து வழக்கு, எம்சிஓபி என்பார்கள், இழுத்துக்கொண்டே போகும். எல்லாம் ஆறிவரும்போது சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார், அது அவர் வேலை. தேதி வந்ததும் மேடமிடம் அதற்கென்றே ஓர் அமர்வு வாங்கினேன். நடந்ததை நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழகினேன். கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததற்குத் தெரியாது. என் வக்கீலிடம் உட்கார நாற்காலியும் தண்ணீரும் கேட்டு வாங்கித் தரச் சொல்லியிருந்தேன், கோர்ட்டில் மறுக்கவில்லை. கையில் காப்பிப்பொடி டப்பா. "எந்த பெர்த்தில் இருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். மேல் பெர்த் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மனநல சிகிச்சைக்கான ரசீதுகளையும் சான்றையும் எடுத்து வையுங்கள், தாக்கல் செய்யலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உங்கள் பதிவுகளை நீங்கள் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. எதைக் கோர்ட்டில் காட்டுவது என்று யோசித்துத் தீர்மானியுங்கள்.

இப்போது ஊருக்குப் பெரும்பாலும் ரயிலில்தான் போகிறேன். இதுவும் தவிர்ப்பதுதானா என்று மேடமிடம் கேட்டேன். "ரயில் டிக்கெட் கிடைக்கலைன்னா என்ன பண்றீங்க?" என்று கேட்டார். பஸ்ஸில் போவேன் என்றேன். "அப்ப அது விருப்பம். டிக்கெட் கிடைக்கலைன்னு வீட்டிலயே இருந்தா வந்து பாருங்க." போன தீபாவளிக்கு வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. அரசு பஸ்ஸில் பகலில் போனோம், ஜன்னலோர இருக்கைக்குக் குழந்தையோடு சண்டை போட்டுத் தோற்றேன். திண்டிவனம் தாண்டியதும் தூங்கிவிட்டேனாம், கும்பகோணத்தில்தான் எழுப்பினார்கள்.